நில அளவைப் பாடநூல்களின் தெரிவு: ஒரு வரலாற்று நோக்கு

நில அளவை நீளமும் கோணமும் பற்றிய தூய கணிதக் கலையே என்றும், அதற்குரிய பாடநூல் எந்நாட்டிலிருந்து வரினும் ஒன்றே என்றும் கருதுவோர் பலர். முக்கோணத்தின் பரப்பைக் காணும் விதி எல்லா நாட்டுக்கும் பொது என்பது உண்மையே. ஆயின் எந்த நிலம், எவருக்காக, எந்த அலகில், எந்தச் சட்டத்தின்கீழ் அளக்கப்படுகின்றது என்னும் வினாக்கள் கணிதத்துள் அடங்குவனவல்ல. எனவே பாடநூற் தெரிவு ஒரு சமூக வினாவுமாகும்.

தமிழுக்கு இத்துறை புதியதன்று. காரிநாயனாரின் கணக்கதிகாரம் குழிக்கணக்கையும் வட்டத்தின் பரப்பைக் காணும் விதியையும் செய்யுளிலே தருகின்றது. கணக்கர் மனனஞ் செய்வதற்கு ஏற்ற வடிவம் அது. யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் பேணிய தோம்புகள் வரி பெறும் அதிகாரத்தின் தேவையால் எழுந்தவை. அங்கு குடியானவர் வழங்கிய லாச்சமோ விதைப்பின் அளவோடு தொடர்புடையது. அஃது உழைப்பிலிருந்து பிறந்த அளவு.

பிரித்தானியர் 1800 ஆகஸ்ட் 2ஆம் நாள் கொழும்பிலே நில அளவைத் திணைக்களத்தை நிறுவினர். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவை எனக் கொண்டது. எழுத்துறுதியற்ற குடியானவரால் தம் சேனை நிலத்துக்கு உரிமையை நிரூபித்தல் அரிதாயிற்று. முடிக்குரியதாகக் கொள்ளப்பட்ட நிலம் அளக்கப்பட்டுத் தோட்ட முதலாளிகளுக்கு விற்கப்பட்டது. நிலம் பண்டமாவதற்கு அளவைச் சங்கிலி இன்றியமையாத கருவியாயிற்று. 66 அடி நீளமான அச்சங்கிலியின் பத்துச் சதுரம் ஓர் ஏக்கர். ஏக்கரின் 160இல் ஒரு பங்கு ஒரு பேர்ச். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்றும் காணி விலை பேசப்படுவது இந்த அலகிலேயே.

பாடநூல்களின் ஆக்கத்திலும் இதே உறவு தொழிற்படுவதை அண்டை நாடாகிய இந்தியாவின் வரலாறு காட்டுகின்றது. சிமித், துயிலியர் ஆகியோரின் இந்திய நில அளவைக் கைந்நூல் 1851இல் வெளிவந்தது. அதன் தொழினுட்பப் பகுதிகளுக்கு வங்காளக் கணித அறிஞர் ராதாநாத் சிக்தார் பெரும்பங்களித்தார். முதற்பதிப்பின் முன்னுரை அதனை ஒப்புக்கொண்டது. அவர் 1870இல் மறைந்தார். 1875இன் மூன்றாம் பதிப்பில் அவர் பெயர் நீக்கப்பட்டது. குடியேற்ற ஆட்சி உழைப்பை ஏற்றது. உழைத்தவன் பெயரை ஏற்கவில்லை.

தமிழிலே தொழிற்கல்வி இயலும் என்பதை 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் நிலைநாட்டினார். பின்னர் அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. 1960இல் பல்கலைக்கழகக் கலைத்துறையிலே சுயமொழிப் போதனை தொடங்கியது. பொறியியலோ ஆங்கிலத்திலேயே நின்றது. கலைச்சொல் உண்டு, அதனைப் பயன்படுத்தும் உயர்கல்வி நூல் அரிது என்னும் முரண்பாடு இவ்வாறு தோன்றியது.

ஆகவே நூலைத் தெரிவோர் மூன்று அளவுகோல்களைக் கொள்ளுதல் வேண்டும். முதலாவது, கருவி மாறினும் மாறாத அடிப்படைகளை, சிறப்பாக அளவீட்டுப் பிழைகளின் இயல்பையும் திருத்தத்தையும், அந்நூல் விளக்கவேண்டும். தியோடலைற்றிலிருந்து செய்மதி வரை இவ்வறிவு பயன்படும். இரண்டாவது, பரப்பு, பேர்ச், ஹெக்டயர் ஆகியவற்றின் தொடர்பையும், 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டம் உள்ளிட்ட இந்நாட்டுச் சட்டங்களையும் தரவேண்டும். பிறநாட்டு நூல் எத்துணைச் சிறந்ததாயினும் இப்பகுதியை நிரப்பாது. மூன்றாவது, 1840இன் வரலாறு அதில் ஓர் அத்தியாயமாதல் வேண்டும்.

இது மாணவரின் தேர்வு பற்றிய பிரச்சினை மட்டுமன்று. கொட்டாஞ்சேனையில் முதுசொத்தைப் பங்கிடும் குடும்பத்துக்கும், தலைமுறைகளாக நிலமற்றிருந்து சில பேர்ச் காணிக்காகப் போராடும் மலையகத் தொழிலாளிக்கும் வரைபடமே உரிமையின் சான்று. அதனைத் தம் மொழியில் வாசிக்க இயலாதவர் தம் எல்லையை மற்றவர் சொல்லக் கேட்டே அறியவேண்டியவராவர். அளக்கும் கலை அளக்கப்படுவோரின் அறிவாகவும் ஆகும்போதே அது மக்கள் கலையாகும்.