நூறு ரூபாய் வெட்டு: ஓர் இரங்கல்

ஒரு துறையின் மானியக் கோரிக்கை அவைக்கு வரும். எதிர்வரிசையில் ஓர் உறுப்பினர் எழுந்து, இதில் 100 ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டு வருவார். பல்லாயிரம் கோடியில் நூறு ரூபாய். அந்த நூறைப் பிடித்துக்கொண்டு அவர் தன் தொகுதிக் குறையைப் பேசுவார். கர்நாடகத்தில் எங்கள் ராமாபுரம் பக்கம் என்றால் யானை மிதித்த மக்காச்சோளக் காட்டுக்கு வராத நஷ்டஈடு, காட்டோரக் கிராமத்துக்குப் போடாத ரோடு. மந்திரி பதில் சொல்லியாக வேண்டும். பதில் திருப்தி என்றால் உறுப்பினர் வெட்டுத் தீர்மானத்தைத் திரும்பப் பெறுவார். ஒரு ரூபாயும் குறையாமல் இரு தரப்பும் சேர்ந்து கோரிக்கையை நிறைவேற்றும்.

அந்தப் பழக்கம் செத்துப்போய்விட்டது என்றே நினைக்கிறேன். மக்களவை விதி 209-இல் மூன்று வகை வெட்டு உண்டு: கொள்கையே தவறு என்றால் கோரிக்கையை 1 ரூபாயாகக் குறைப்பது, சிக்கனத்துக்காக ஒரு தொகையைக் குறைப்பது, குறிப்பிட்ட ஒரு குறையைச் சொல்ல 100 ரூபாய் குறைப்பது. மூன்றாவதுதான் கிராமத்து உறுப்பினரின் கருவி. ஏன் குறைக்கக் கேட்க வேண்டும், கூட்டியே கேட்கலாமே என்று தோன்றும். முடியாது. அரசியல் சாசனத்தின் 203-ஆவது பிரிவு சட்டமன்றத்துக்குத் தருவது ஒப்புக்கொள்ள, மறுக்க, குறைத்து ஒப்புக்கொள்ள என்ற உரிமைகளை மட்டுமே. ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்க உறுப்பினருக்கு வழியில்லை. அதனால்தான் ரோடு வேண்டும் என்பவர் நூறு ரூபாயை வெட்டச் சொன்னார். வெட்டு ஜெயித்தால் அரசு நம்பிக்கையை இழந்ததாகும். மந்திரி எழுந்து நின்று பதில் சொன்னதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம்.

இந்தப் பழக்கத்தின் பாட்டன் பிறந்தது மைசூரில். 1881 அக்டோபரில் திவான் ரங்காச்சார்லு காலத்தில் பிரதிநிதி சபை கூடியது. 144 பேர், தாலுக்கா தாலுக்காவாக வந்த நிலக்காரர்களும் வியாபாரிகளும். அவர்களிடம் ஓட்டு இல்லை, ஊர்க்குறையைச் சொல்லும் வாய் மட்டும் இருந்தது. 1923 சட்டம்தான் சட்டமன்ற மேலவைக்கு மானியங்களின் மேல் ஓட்டுரிமை தந்தது. 1949-இல் இரண்டு அவைகளும் கலைந்தன. அன்று மதராஸ் மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்த எங்கள் ஊர் 1956-இல் மைசூருக்கு வந்து, 1997-இல் சாமராஜநகர் மாவட்டத்துக்குப் போனது. இன்று ராமாபுரம் ஹனூர் தொகுதி. 2023-இல் ஜெயித்த எம்.ஆர்.மஞ்சுநாத் ஜனதா தளம் (எஸ்), ஆட்சியோ காங்கிரஸ். இப்படிப்பட்ட தொகுதிக்குத்தான் அந்த நூறு ரூபாய் மிகவும் தேவை.

பழி ஒரு கட்சியின் தலையில் விழாது. 2021-இல் பாஜக முதல்வர் எடியூரப்பா பட்ஜெட் வாசித்தபோது காங்கிரஸ் வெளிநடப்பு செய்தது. 2023 மார்ச்சில் மக்களவை 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட்டை விவாதமே இல்லாமல் நிறைவேற்றியது. கோரிக்கைகளை ஒரே மூட்டையாகக் கட்டி ஓட்டுக்கு விடும் கில்லட்டின் முறை முன்பும் இருந்தது, ஆனால் பேசி முடிக்க நேரம் போதாதபோது மிஞ்சியதற்கு மட்டும்.

2025 மார்ச் 7-இல் காங்கிரஸ் முதல்வர் சித்தராமையா தன் 16-ஆவது பட்ஜெட்டை வாசித்தார், 4.09 லட்சம் கோடி. அதே கூட்டத்தொடரின் கடைசி நாள், மார்ச் 21. டீக்கடை டிவியில் பார்த்தோம். பாஜக உறுப்பினர்கள் மசோதா நகலைக் கிழித்துச் சபாநாயகர் மேல் வீசினார்கள். 18 பேரை ஆறு மாதம் இடைநீக்கம் செய்தார் சபாநாயகர் யு.டி.காதர். மார்ஷல்கள் அவர்களைக் கையும் காலுமாகத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். வெள்ளை வேட்டி சட்டையில் ஒரு மனிதர் நாலு பேர் கையில் தொங்கிப் போவதைப் பார்க்கவே வயிற்றைப் பிசைந்தது. அவரையும் ஒரு ஊர் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டு அனுப்பியிருக்கிறது. அன்றைய சத்தத்திலேயே மந்திரிகள், எம்.எல்.ஏ.க்கள் சம்பளத்தை உயர்த்தும் மசோதாக்கள் நிறைவேறின.

மே மாதம் இடைநீக்கத்தை ரத்து செய்தார்கள். பதினெட்டுப் பேரும் திரும்பி வந்தார்கள். அதற்குள் ஏப்ரல் பிறந்து, அந்த ஆண்டின் பணம் செலவாகத் தொடங்கியிருந்தது.