நாடி பார்க்காத வைத்தியம்

சிவகிரி பஜாரில் நாட்டு மருந்துக் கடை போட்டது எங்கள் தாத்தா. அந்தக் காலத்தில் சரக்கு வாங்க வருகிறவர் கையில் வைத்தியர் எழுதிய சீட்டு இருக்கும். சுக்கு, திப்பிலி, கடுக்காய் என்று எடை போட்டு எழுதி, அடியில் பத்தியமும் சேர்த்திருப்பார்: புளி ஆகாது, கத்தரிக்காய் ஆகாது, உப்பைக் குறை. எழுதியவர் அடுத்த தெருக்காரர். நாடி பிடித்து, நாக்கை நீட்டச் சொல்லி, மலம் நீர் விசாரித்த பிறகே பேனாவை எடுப்பார். மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் மறுநாள் அவர் திண்ணையில் போய்ச் சண்டை போடலாம். எல்லாரும் கெட்டிக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். சந்தையில் வித்தை காட்டி லேகியம் விற்றவர்களும் இருந்தார்கள். சர்க்கரை வியாதியைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954-லேயே மத்திய அரசு சட்டம் போட்டுவிட்டது.

சாப்பாட்டைச் சோதித்துப் பார்த்துச் சொல்லும் வேலையும் நம் மாநிலத்தில் எப்போதோ தொடங்கிவிட்டது. பெரிபெரி நோயை ஆராய 1918-ல் குன்னூரில் மெக்காரிசன் என்ற வெள்ளைக்கார டாக்டர் ஓர் அறையில் ஆரம்பித்ததுதான், 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. தவிடு போகத் தீட்டிய பச்சரிசியே தின்றால் அந்த நோய் வரும், புழுங்கலரிசி காப்பாற்றும். நம் ஆட்கள் யாரும் சொல்லாமலே புழுங்கலைத்தான் பொங்கினார்கள்.

2012-ல் கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு ஆட்டிப் படைத்தபோது, அரசாங்கமே நிலவேம்புக் குடிநீர் கொடுத்தது. கடையில் நிலவேம்பு நிற்கவில்லை.

2016-க்குப் பிறகு நெட் மலிந்தது, சீட்டு போய் செல்போன் வந்தது. எழுபது தாண்டிய பெரியவர், கீறல் விழுந்த திரையில் ஓடும் வீடியோவை என் முகத்துக்கு நேரே நீட்டி, "அண்ணாச்சி, இதுல சொல்லுத இந்துப்பு இருக்கா? பிரஷருக்கு நல்லதாம்லா" என்பார். இந்துப்பிலும் பெரும்பங்கு சோடியம் குளோரைடுதான், அயோடின் மட்டும் பெரும்பாலும் சேர்த்திருக்காது. எந்த உப்பானாலும் நாளைக்கு 5 கிராமுக்குள் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சோடியம் குறைத்த உப்பு என்று வருவதில் பெரும்பாலும் பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரகம் பழுதானவருக்கு அது ஆபத்து. தினம் இளநீர் குடியுங்கள் என்பதிலும் அதே பொட்டாசியச் சிக்கல். வீடியோக்காரருக்கு எதிரில் இருப்பவரின் சிறுநீரகத்தைப் பற்றி என்ன தெரியும்? கேட்காமலே சொல்கிறாரே.

வீடியோ முழுக்கப் பொய்யும் இல்லை. படித்த டாக்டர்கள் நிதானமாகப் பேசுவதும் உண்டு. உடம்பு, சாப்பாடு பற்றி யோசனை சொல்கிறவர் தன் படிப்பைக் காட்ட வேண்டும் என்று விளம்பரத் தர மன்றம் 2023-ல் சொல்லியிருக்கிறது. கடைசியில் பவுடர் டப்பாவைத் தூக்கிக் காட்டினால் எனக்கு அங்கேயே நம்பிக்கை போய்விடும், நானும் வியாபாரிதானே.

அரசு ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போகும்போது, ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு அந்த வீடியோவையும் டாக்டரிடம் காட்டுங்கள். அதற்கப்புறம் என் கடைக்கு வாருங்கள்.