முத்துச் சலாபச் சொற்களும் மொழிபெயர்ப்பும்

பாரசீக வளைகுடாவின் பழைய முத்துத்தொழில் இன்று சுற்றுலாவினருக்கு மரபுச் செல்வமாகக் காட்டப்படுகிறது. பஹ்ரைனின் முஹர்ரக் நகரிலுள்ள முத்துத்தொழிற் சின்னங்கள் 2012இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. அவற்றுக்கான விளக்கவுரையைத் தமிழாக்குவோர் மன்னார் வளைகுடாச் சொற்களையே நாடுவர். ஆயின் இரு கடல்களிலும் தொழில்முறை ஒன்றன்று.

அரபியர் குளிக்கும் பருவத்தையே 'கவ்ஸ்', அதாவது மூழ்குதல், என்றனர். தமிழில் செயல் முத்துக்குளித்தல், நிகழ்ச்சி சலாபம். அரசு பார்களை ஆராய்ந்து, நாள் குறித்து, அறிவித்து நடத்தியதே சலாபம். போர்த்துக்கீசியர் மீன்பிடிப்பைக் குறிக்கும் 'பெஸ்காரியா' என்னும் சொல்லை அதற்கு வழங்கினர். கடற்கரைக்கும் அப்பெயரையே இட்டனர். ஆங்கிலேயரும் அவ்வழியே சென்றனர். அந்த ஆங்கிலச் சொல்லை மீண்டும் 'முத்து மீன்பிடிப்பு' எனத் தமிழாக்குவது பொருந்தாது.

1905இல் இலங்கையின் மரிச்சுக்கட்டியில் நடந்த சலாபத்தில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. மூன்றில் ஒரு பங்கு குளியாட்களுக்கு. அரசின் பங்கு திறவாச் சிப்பியாகவே ஏலம் போயிற்று. (ஏலம் என்பதும் போர்த்துக்கீசியம் தந்த சொல்லே.) அரபுக் குளியாட்களும் அங்கு வந்தனர். அவர்கள் கொம்பாலான கவ்வியை மூக்கில் பொருத்தினர். தமிழர் விரலால் மூக்கைப் பிடித்தனர். பாரசீக வளைகுடாவிலோ சிப்பிகள் மரக்கலத்திலேயே திறக்கப்பட்டன. முத்துகள் பெரும்பாலும் பம்பாய்ச் சந்தைக்கு வந்தன. குளியாட்கள் நாகுதாவிடம் பெற்ற முன்பணத்தால் தலைமுறையாகக் கடன்பட்டிருந்தனர். நாகுதாவைச் 'சம்மாட்டி' என்று பெயர்த்தால் அக்கடனுறவு புலப்படாது போகும்.

கடல்கட்டி என்னும் சொல் இன்னும் நுட்பமானது. சுறாவை மந்திரத்தால் அடக்குவோருக்கு இருபதில் ஒரு பங்கு கிடைத்ததை மார்க்கோ போலோ குறித்துள்ளார். பகலில் இட்ட மந்திரம் இரவில் விலக்கப்படுமாம். களவைத் தடுக்க இதனினும் மலிவான காவல் வேறில்லை. கத்தோலிக்கர் ஒருவரே இப்பணியைச் செய்ததை எமர்சன் டென்னன்ட் 1859இல் வெளிவந்த நூலில் வியப்புடன் பதிவு செய்துள்ளார். ஆங்கில நூல்கள் இப்பெயருக்குச் 'சுறாவைக் கட்டுபவர்' என்று பொருள் கூறுகின்றன. தமிழ்ச் சொல்லிலோ சுறா இல்லை, கட்டப்படுவது கடல். வாய்க்கட்டு என்பதிலுள்ள மந்திரப் பொருளே இங்கும் உள்ளது.

தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த தொடருக்குப் பின் அங்குச் சலாபம் நிகழவில்லை. 1973இல் அவ்வூரிலேயே ஆய்வாளர்கள் வளர்ப்பு முத்தை உருவாக்கினர். அதற்குக் குளியாளும் வேண்டியதில்லை, கடல்கட்டியும் வேண்டியதில்லை. 'பார்' என்னும் சொல் மட்டும் மீனவர் பேச்சில் தங்கியுள்ளது.