விற்பனைக்கு வந்த பழைய கப்பல்கள்: ஃபோர்ப்ஸ் முதல் லாயல்ட்டி வரை

மும்பை, கோவா, கொச்சி போன்ற கடற்கரை நகரங்களில் பயன்படுத்தப்பட்ட இன்பப் படகுகள் இப்போது இணையத்தின் வழியே விலைக்கு வருகின்றன. அவற்றுள் விலை உயர்ந்த வகை ஃப்ளைபிரிட்ஜ் மோட்டார் குரூசர். அறைகளின் கூரைமேல் திறந்த தளம் ஒன்றும், அதில் இரண்டாவது சுக்கானும் இருக்கைகளும் கொண்ட படகு அது. அதன் விளம்பரம் எங்கும் ஒரே வாய்பாட்டில்தான் அமைகிறது: கட்டப்பட்ட ஆண்டு, நீளம், என்ஜின் ஓடிய மணிநேரம், படுக்கைகளின் எண்ணிக்கை, எதிர்பார்க்கும் விலை. படகை நிறுத்தும் இடத்துக்கான வாடகை, டீசல், மாலுமிகளின் ஊதியம், ஆண்டுதோறும் அடிப்பாகத்தைச் சுரண்டி வண்ணம் பூசும் செலவு ஆகியவை விளம்பரத்தில் இடம்பெறுவதில்லை. படகின் விலையைக் காட்டிலும் அதை ஓடவைக்கும் விலையே பெரிது என்பது வாங்கியபின்தான் புலப்படும்.

இந்தியக் கப்பல் தொழிலின் நவீன வரலாற்றைப் பயில்பவர்க்கு இவ்விளம்பரங்கள் புதியவையாகத் தோன்றா. நீராவி யுகத்தில் இந்தியர் கடலில் இறங்கிய குறிப்பிடத்தக்க முயற்சிகள் சில, வேறொருவர் ஓட்டி முடித்த கலத்தை விலைக்கு வாங்கியதில்தான் தொடங்கின. புதுக்கப்பல் கட்டும் நீராவித் தளங்கள் பிரிட்டனில் இருந்தன. காத்திருக்கும் காலமும் முதலீடும் மிகுதி. பழைய கப்பலோ உடனே கிடைத்தது. ஆயினும் இம்முயற்சிகளுள் பல சில ஆண்டுகளிலேயே முறிந்தன. கப்பல்களின் முதுமையைக் காரணமாகச் சொல்வது எளிது. சான்றுகள் வேறொன்றைச் சொல்கின்றன.

முதல் சான்று கல்கத்தாவைச் சேர்ந்தது. ஃபோர்ப்ஸ் என்னும் நீராவிக் கலம் 1829-இல் கட்டப்பட்டது. 1830-இல் அபினி ஏற்றிய ஜேம்சினா என்ற பாய்க்கப்பலை இழுத்துக்கொண்டு அது சீனக் கடலுக்குச் சென்றது. 1833-இல் மெக்கின்டாஷ் கம்பெனி என்ற பெரும் வணிக நிறுவனம் முறிந்து, அதன் உடைமைகள் கடன்காரர்களுக்காக விற்கப்பட்டன. அவற்றுள் ஒன்றாக ஃபோர்ப்ஸும் விலைக்கு வந்தது. அதை வாங்கிய கார் டாகூர் கம்பெனி, துவாரகநாத் தாகூரும் வில்லியம் காரும் 1834-இல் கூட்டாகத் தொடங்கிய நிறுவனம்.

ஹூக்ளி ஆற்றில் பாய்க்கப்பல்கள் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் அஞ்சியே கல்கத்தா வரை வரவேண்டியிருந்தது. மணல்திட்டுகள் இடம்மாறிக்கொண்டே இருக்கும் ஆறு அது. நீராவி இழுவைக்கலம் ஒன்றிருந்தால் நாள்கணக்கான தாமதம் மணிக்கணக்காகக் குறையும். எனவே ஃபோர்ப்ஸ் வந்து சேர்வதற்கு முன்பே அதற்கான வேலை ஆற்றில் காத்திருந்தது. அத்துடன் 1836-இல் ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கத்தை 70,000 ரூபாய்க்குக் கார் டாகூர் கம்பெனி வாங்கியது, எரிபொருள் சொந்தமாயிற்று. 1829-இல் உருவான யூனியன் வங்கியில் துவாரகநாத்துக்குச் செல்வாக்கு இருந்தது, கடனும் எளிதாயிற்று. ஆங்கிலேயப் பங்காளிகள் வழியே ஐரோப்பிய வணிகர் வட்டத்துக்குள் நுழைவும் கிடைத்தது. வேலை, கரி, கடன், தொடர்பு ஆகிய நான்கும் முன்னரே கையில் இருந்ததால், பழைய கலம் பழையதாக இருந்தும் பயன் தந்தது. கல்கத்தா ஸ்டீம் டக் அசோசியேஷன் என்னும் இழுவைக்கல நிறுவனம் இவ்வடித்தளத்தில் எழுந்தது. துவாரகநாத் 1846-இல் இறந்தார். அடுத்த ஈராண்டுகளுக்குள் யூனியன் வங்கியும் கார் டாகூர் கம்பெனியும் வீழ்ந்தன.

ஏறத்தாழ நாற்பதாண்டுகளுக்குப் பின் அதே குடும்பத்தில் இன்னொரு பழைய கலம் வாங்கப்பட்டது. துவாரகநாத்தின் பேரர் ஜோதிரிந்திரநாத் தாகூர் நாடக ஆசிரியர், இசைவாணர், ஓவியர். எக்ஸ்சேஞ்ச் கெஸட் இதழில் ஏல விளம்பரம் ஒன்றைக் கண்டு சென்ற அவர், ஏழாயிரம் ரூபாய்க்கு ஓர் எஃகுக் கப்பற்கூட்டை வாங்கித் திரும்பினார். என்ஜினும் இல்லை, அறைகளும் இல்லை. வெறும் உடல் மட்டுமே. தம்பி ரவீந்திரநாத் தம் நினைவுக் குறிப்பில் இச்செய்தியைப் பரிவும் நகையும் கலந்து பதிவு செய்துள்ளார். அவர் கூற்றின்படி, பேச்சிலும் எழுத்திலும் ஓடிக்கொண்டிருந்த நாட்டினருக்கென்று ஒரு நீராவிக்கப்பல் கூட ஓடவில்லையே என்ற வெட்கமே அண்ணனை ஏலத்துக்கு அனுப்பியது.

கூடு கப்பலாயிற்று. 1884-இல் சரோஜினி என்ற பெயருடன் அது ஆற்றில் இறங்கியது. பின்னர் பங்கலட்சுமி, சுவதேசி, பாரத், லார்டு ரிப்பன் ஆகிய கலங்களும் சேர்ந்தன. குல்னாவுக்கும் பாரிசாலுக்கும் இடையே அவை ஓடின. தடம் நன்றாகவே தேர்ந்தெடுக்கப்பட்டது: கல்கத்தாவிலிருந்து வரும் இரயில் பாதை குல்னாவை எட்டும் காலம் அது, அதற்கப்பால் கிழக்கு வங்கம் முழுவதும் ஆறுகளே சாலைகள்.

ஆனால் அத்தடத்தில் ஐரோப்பியரின் ஃப்ளோட்டில்லா கம்பெனியும் ஓடியது. கட்டணப் போர் மூண்டது. பாரிசால் இளைஞர்கள் படித்துறையில் நின்று, நம் நாட்டுக் கப்பலிலேயே ஏறுங்கள் எனப் பயணிகளை வேண்டினர். பயணிகளும் ஏறினர். கட்டணம் குறைந்துகொண்டே வந்து இல்லாமலே போயிற்று; இலவசப் பயணத்துடன் சிற்றுண்டியும் வழங்கப்பட்டது. கப்பல் நிறைய ஆள், கல்லாவில் காசில்லை. இறுதியில் சுவதேசி என்னும் கலம் ஹௌரா மிதவைப் பாலத்தில் மோதி மூழ்கியது. தொழிலும் அத்துடன் முடிந்தது.

பாட்டனாரையும் பேரரையும் ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு கலத்தின் தரத்தில் இல்லை. பேரருக்குச் சொந்தச் சுரங்கம் இல்லை, வங்கி இல்லை, எதிரியின் வட்டத்துக்குள் பங்காளி இல்லை. இடைப்பட்ட காலத்தில் கல்கத்தாவின் வணிகச் சூழலும் மாறிவிட்டது. 1847 சரிவுக்குப் பின், இந்தியரும் ஆங்கிலேயரும் ஒரே நிறுவனத்தில் சரிநிகராக அமர்வது அரிதாயிற்று. பேரரிடம் எஞ்சியிருந்தது மக்களின் பற்று மட்டுமே. கப்பலை நிரப்ப அது போதுமானதாக இருந்தது; நிலக்கரி வாங்க அது உதவவில்லை.

இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்துத் தூத்துக்குடியில் நிகழ்ந்தது தமிழர் நன்கறிந்த வரலாறு. ஆகவே இங்குச் சுருக்கமாக. 1906 அக்டோபரில் வ.உ. சிதம்பரனார் முயற்சியால் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. முதலில் பம்பாயின் ஷா லைன் நிறுவனத்திடம் கப்பல் வாடகைக்கு எடுக்கப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கொடுத்த நெருக்கடியால் அவ்வாடகைக் கப்பல் திரும்பப் பெறப்பட்டது. பிறர் கப்பலை நம்பி ஓட்டமுடியாது என்பதை இவ்வனுபவமே உணர்த்தியது. கப்பலோடுதான் திரும்புவேன் என்று பம்பாய் சென்ற சிதம்பரனாரின் உறுதியால் காலியாவும், அதனுடன் லாவோவும் வாங்கப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,300 சாதாரணப் பயணிகளையும் 4,000 மூட்டைகளையும் ஏற்றவல்லது. இம்முறை இலவசப் பயணத்தை அறிவித்தது எதிர்த்தரப்பு. குடையும் கொடுத்தது எனத் தூத்துக்குடியில் இன்றும் சொல்வர். 1908-இல் சிதம்பரனார் சிறைப்பட்டார். 1911-இல் சங்கம் கலைக்கப்பட்டது. காலியா போட்டியாளரான பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்கே விற்கப்பட்டது.

பாரிசாலில் இலவசம் கொடுத்த சிறியவன் அழிந்தான். தூத்துக்குடியில் இலவசம் கொடுத்த பெரியவன் பிழைத்தான். நூறு கப்பலுக்கு மேல் வைத்திருப்பவர் ஒரு தடத்தில் ஏற்படும் இழப்பை மற்றத் தடங்களின் இலாபத்தால் ஈடுசெய்வார். இரண்டு கப்பல் வைத்திருப்பவருக்கு ஒரு தடமே உலகம்.

கட்டணக் குறைப்பைவிடக் கூர்மையான கருவி ஒன்றும் இருந்தது. பெருங்கப்பல் நிறுவனங்கள் தமக்குள் கூட்டணி அமைத்து, தடங்களைப் பங்கிட்டுக் கட்டணத்தை ஒருங்கே நிர்ணயித்தன. பிரிட்டனுக்கும் கல்கத்தாவுக்கும் இடையிலான கூட்டணி 1875-இல் தோன்றியது. அடுத்த ஈராண்டில் அது புகுத்திய முறைக்கு ஒத்திவைத்த தள்ளுபடி என்று பெயர் சொல்லலாம். அது இயங்கிய விதம் இது: வணிகர் ஒருவர் ஆறு மாதத்தில் ஆயிரம் ரூபாய் சரக்குக் கூலி செலுத்தினால், நூறு ரூபாய் அவர் கணக்கில் தள்ளுபடியாக எழுதப்படும். ஆனால் அத்தொகை உடனே கைக்கு வராது. அடுத்த ஆறு மாதமும் கூட்டணிக் கப்பல்களில் மட்டுமே சரக்கு அனுப்பினால்தான் கிடைக்கும். இடையில் ஒரே ஒரு முறை வேறு கப்பலில் ஒரு மூட்டை ஏற்றினாலும் சேர்ந்த தொகை முழுவதும் போய்விடும். அதற்குள் அடுத்த தள்ளுபடி சேரத் தொடங்கியிருக்கும். ஆகவே விடுபடும் நாள் என்று ஒன்று வருவதே இல்லை. புதிதாகக் கப்பல் வாங்கிய இந்தியர் எவ்வளவு குறைந்த கூலி கேட்டாலும், தாய்நாட்டுப் பற்று மிக்க வணிகரே தயங்கினார். அவரிடமிருந்து எதுவும் பறிக்கப்படவில்லை. அவருக்குச் சேரவேண்டிய பணம் மட்டும் பிணையாக வைக்கப்பட்டிருந்தது.

இப்பின்னணியில்தான் 1919-இன் லாயல்ட்டியைப் பார்க்கவேண்டும். 1890-இல் இங்கிலாந்தின் பாரோ நகரில் கடலில் இறக்கப்பட்டபோது அதன் பெயர் எம்ப்ரஸ் ஆஃப் இந்தியா. வெண்ணிற உடலும் கூரிய முகப்பும் கொண்ட அக்கப்பல், கனடியன் பசிபிக் நிறுவனத்துக்காக வான்கூவருக்கும் ஹாங்காங்குக்கும் இடையே இருபதாண்டுகளுக்கு மேல் ஓடியது. 1914 இறுதியில் குவாலியர் மகாராஜா மாதவராவ் சிந்தியா அதை வாங்கி, போரில் காயமுற்ற இந்திய வீரர்களுக்கான மருத்துவக் கப்பலாக்கினார். அப்போது பெற்ற பெயரே லாயல்ட்டி; அதாவது விசுவாசம்.

போர் முடிந்ததும் கப்பல் விலைக்கு வந்தது. தில்லியிலிருந்து பம்பாய்க்கு இரயிலில் வந்துகொண்டிருந்த வால்சந்த் ஹீராசந்த், உடன் பயணம் செய்த ஓர் ஆங்கிலேயர் வாயிலாக இதைக் கேள்வியுற்றார் என்பது அவர் வரலாற்றில் சொல்லப்படும் செய்தி. நரோத்தம் மொரார்ஜி, லல்லுபாய் சமல்தாஸ், கிலாசந்த் தேவ்சந்த் ஆகியோர் சேர்ந்தனர். 1919 மார்ச் 27 அன்று சிந்தியா நீராவிக்கப்பல் நிறுவனம் பிறந்தது. விற்றவரின் குலப்பெயரே நிறுவனத்தின் பெயராயிற்று. ஏப்ரல் 5 அன்று லாயல்ட்டி பம்பாயிலிருந்து இலண்டன் நோக்கிப் புறப்பட்டது. மறுநாள் ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடெங்கும் கடையடைப்பு.

அப்போது அக்கப்பலுக்கு வயது இருபத்தெட்டு. 1921 மார்ச்சில் அது பம்பாயில் ஓட்டமின்றி நிறுத்தப்பட்டது, 1923-இல் உடைக்கப்பட்டது. தனிக்கப்பலாகப் பார்த்தால் இது தோல்விக் கணக்கே. விசுவாசம் என்று பெயரிட்ட கப்பலை, வணிகரின் விசுவாசத்தைப் பிணைவைத்த ஒரு கடலில் ஓட்டிப்பார்த்தார்கள்.

ஆயினும் நிறுவனம் கப்பலோடு சாகவில்லை. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் தலைவர் இன்ச்கேப் பிரபு சிந்தியா நிறுவனத்தை விலைக்கு வாங்க முன்வந்தார், பங்காளிகள் மறுத்தனர். 1923-இல் பத்தாண்டு உடன்படிக்கை ஒன்று ஏற்பட்டது. சிந்தியா கடலோரச் சரக்கு வணிகத்தில் நீடிக்கலாம். ஆனால் கப்பல்களின் மொத்தக் கொள்ளளவுக்கு உச்சவரம்பு உண்டு, பயணிகளை ஏற்றக்கூடாது. அவமானம் தரும் நிபந்தனைகளே. ஆனால் ஜோதிரிந்திரநாத்துக்கும் சிதம்பரனாருக்கும் கிடைக்காத ஒன்று, காலம், இதனால் வாங்கப்பட்டது. அக்காலத்தைப் பயன்படுத்திப் போராட்டம் சட்டமன்றத்துக்கு நகர்ந்தது. கடலோர வணிகத்தை இந்தியக் கப்பல்களுக்கு ஒதுக்கக் கோரி எஸ்.என். ஹாஜி 1928-இல் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. இந்தியரைக் கப்பல் அதிகாரிகளாகப் பயிற்றுவிக்கவேண்டும் என்ற கோரிக்கை மட்டும் 1927-இல் டஃப்ரின் என்னும் பயிற்சிக் கப்பல் வாயிலாக நிறைவேறியது. அதுவும் புதிதன்று, 1904-இல் கட்டப்பட்ட பழைய துருப்புக் கப்பல். ஆனால் அது சரக்கை நம்பியிராமல் அரசின் ஆதரவில் நின்ற கப்பல்; இந்திய வணிகக் கடற்படையின் முதல் தலைமுறை அதிகாரிகள் அதன் தளத்தில் உருவாயினர்.

கடலோர ஒதுக்கீடு விடுதலைக்குப் பிறகே கைகூடியது. 1948 மார்ச் 14 அன்று, விசாகப்பட்டினத்தில் சிந்தியா தளத்தில் கட்டப்பட்ட ஜல உஷாவை நேரு கடலில் இறக்கிவைத்தார். பிறர் ஓட்டிய கலத்தை வாங்கத் தொடங்கியவர்கள், தாமே கட்டிய கலத்தை வந்தடைய இருபத்தொன்பது ஆண்டுகள் ஆயின.

1964 முதல் ஏப்ரல் 5 தேசியக் கடல்சார் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்நாளின் உரைகள் பெரும்பாலும் துணிவைப் போற்றுகின்றன, போற்றத்தக்கதே. ஆனால் துணிவு 1884-இலும் 1906-இலும் குறைவாக இருந்ததில்லை. கப்பல் எப்போதும் விலைக்குக் கிடைத்தது: ஏழாயிரம் ரூபாய்க்கும் கிடைத்தது, மகாராஜாவிடமும் கிடைத்தது. அது ஓடவேண்டிய தடமும் ஏற்றவேண்டிய சரக்கும் எந்த ஏலத்திலும் விலைக்கு வரவில்லை. அவற்றை அரசியல்தான் பெற்றுத்தரவேண்டியிருந்தது.

இன்று சொந்தத் தொழில் பற்றிய அறிவுரைகளில் துணிவும் உழைப்பும் இருந்தால் போதும் என்று கேட்கும்போதெல்லாம், பாரிசால் படித்துறையில் ஆள் நிறைந்து, காசின்றி நின்ற அந்தக் கப்பல்களை நினைத்துக்கொள்வது நல்லது.