நாழிக்கிணறும் ஒரு வடிகட்டியும்

திருச்செந்தூர்க் கடலில் நீராடியவர்கள் அடுத்து இறங்குவது நாழிக்கிணற்றில். அலைகள் எட்டிப்பார்க்கும் தூரத்தில், பெரிய கிணற்றுக்குள் அமைந்த அந்தச் சிறு கிணற்றில் நன்னீர் ஊறுகிறது. சூரனை வென்ற படைகளின் தாகம் தணிக்க முருகன் வேலால் உண்டாக்கியது என்பது தலமரபு.

நிலவியல் சொல்வது வேறு. மழைநீர் மணலில் இறங்கித் தேங்குகிறது. உப்புநீரைவிட எடை குறைந்ததால் அதன்மேல் மிதக்கிறது. இதைக் கணக்காக வகுத்தவர்களில் ஒருவர் பாடோன் கைபன் என்ற ஒல்லாந்துப் பொறியாளர். 1658இல் தூத்துக்குடியைப் போர்ச்சுகீசியரிடமிருந்து கைப்பற்றினார்களே, அதே ஒல்லாந்தரின் நாட்டவர்.

மணல் நீரைத் தாங்குவதோடு நிற்பதில்லை, வடிக்கவும் செய்கிறது. 1829இல் லண்டனில் ஜேம்ஸ் சிம்ப்சன் பெரிய மணல்படுகைகளை அமைத்து தேம்ஸ் நீரை வடித்தார். அதன் அருமை 1892இல் விளங்கியது. எல்பே ஆற்று நீரை வடிக்காமல் குடித்த ஹாம்பர்க்கில் 8,500க்கும் மேற்பட்டோர் காலராவுக்குப் பலியாயினர். அதே நீரை மணலில் வடித்துக் குடித்த அண்டை நகரான அல்டோனா பெரும்பாலும் தப்பியது. ஆனால் அடுத்த குளிர்காலத்தில் அல்டோனாவிலும் காலரா தலைகாட்டியது. சுத்தம் செய்கையில் உறைந்துபோன ஒரு படுகையே அதற்கு வழிவிட்டது என்று ராபர்ட் கோக் விளக்கினார். வடிகட்டி இருந்தால் மட்டும் போதாது, அதைத் துலக்கும் விதமும் உயிர்ப் பிரச்சினைதான் என்பதை உலகம் கற்ற இடம் அது.

பாடம் மறந்துபோனது. 1999இல் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் மலர்க்கண்காட்சியில், பார்வைக்கு வைத்த வெந்நீர்ச் சுழல்தொட்டியிலிருந்து எழுந்த நீர்த்திவலைகளில் லெஜியோனெல்லா கிருமி இருந்தது. அதில் யாரும் குளிக்கவில்லை. அருகே நடந்தவர்கள் மூச்சிழுத்தார்கள், அவ்வளவுதான். ஏறத்தாழ 30 பேர் இறந்தனர்.

இன்று விடுதிகளிலும் வீடுகளிலும் உள்ள ஹாட் டப்களில் மணலின் இடத்தை மடிப்பு மடிப்பான காகிதம் போன்ற காட்ரிட்ஜ் பிடித்திருக்கிறது. தோலின் எண்ணெயும் அழுக்கும் அங்கே தங்க, வெதுவெதுப்பில் கிருமிகள் வழவழப்பான படலமாகப் படிகின்றன. அதைக் கழுவுபவர் முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, திறந்த வெளியில், மிதமான நீரோட்டத்தில் மடிப்புகளுக்கிடையே கழுவ வேண்டும். பீய்ச்சியடித்தால் மடிப்பு கிழியும், திவலையும் மூக்கில் ஏறும். பிறகு அதற்குரிய துப்புரவுக் கரைசலில் ஊறவைத்து நன்கு அலச வேண்டும். அமிலத்தையும் குளோரினையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. எழுவது நச்சு வாயு.

நம் ஊர்களில் கிணறு தூர்வாருபவர்கள் விளக்கை இறக்கிப் பார்த்தபின் இறங்கும் வழக்கம் ஒன்றிருந்தது. சுடர் அணைந்தால் அங்கே போதிய பிராணவாயு இல்லை. ஆனால் சுடர் எல்லா நஞ்சையும் காட்டுவதில்லை, எரிவாயு இருந்தால் அதுவே வெடிக்கும். ஆகவே இன்று வாயுமானி வேண்டும். நீராடுபவரின் தூய்மைக்காக நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அழுக்கு சென்று சேரும் இடத்தில் கை வைப்பவரைப் பற்றி வரலாறு அதிகம் பேசவில்லை. நாழிக்கிணற்றின் படியேறி வரும்போது, யாரோ ஒருவர் இறங்கித் துலக்கியதால்தான் இந்நீர் தெளிந்திருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளலாம்.