குன்றின் மேலிட்ட விளக்கு

எங்கும் விளங்கித் தோன்றும் புகழைக் ‘குன்றின் மேலிட்ட விளக்கு’ என்பது நம் வழக்கு. குன்றின் மேல் இட்டதனாலேயே மறைந்துபோன விளக்கு ஒன்றும் வரலாற்றில் உண்டு.

அமெரிக்காவின் மேற்குக் கரையில், கலிபோர்னியாவின் தென்கோடியில் உள்ளது சான் டியேகோ துறைமுகம். பசிபிக் பெருங்கடலின் அலைகள் துறைக்குள் பாயாதவாறு தடுத்து நிற்கும் நீண்ட மேட்டுநிலத்திற்குப் பாயின்ட் லோமா என்று பெயர். குமேயாய் மக்களின் நிலம் அது. 1542 செப்டம்பர் 28 ஆம் நாள், ஸ்பெயின் அரசுக்காகக் கலம் செலுத்திய காப்ரியோ அங்கு வந்தடைந்தான். அவன் அக்கரையைக் ‘கண்டுபிடித்தான்’ என்று நூல்கள் கூறும். மக்கள் வாழும் ஊரை மற்றொருவன் எங்ஙனம் கண்டுபிடிப்பான் என்று மாணவர் எவரேனும் வினவினால், ஆசிரியர் அவரை அமரச் சொல்லிவிடலாகாது! காப்ரியோ இட்ட சான் மிகேல் என்னும் பெயரும் நிலைக்கவில்லை. 1602 இல் வந்த விஸ்கைனோ சூட்டிய சான் டியேகோ என்பதே நிலைத்தது.

பின்னர் அம்முனை அமெரிக்கர் வசமாயிற்று. கலங்கரை விளக்கத்திற்கு இடம் தேடியவர்கள் கடல் மட்டத்திற்கு மேல் 422 அடி உயரத்திலுள்ள மேட்டின் உச்சியைத் தேர்ந்தனர். உயர இருந்தால் தொலைவில் தெரியும் என்பது அவர்கள் கணக்கு. 1855 நவம்பர் 15 ஆம் நாள் விளக்கு ஏற்றப்பெற்றது. வானம் தெளிந்த இரவுகளில் கணக்குப் பொய்க்கவில்லை. ஆனால் அக்கரையை ஒட்டிக் குளிர்ந்த நீரோட்டம் ஒன்று செல்கிறது. அதன்மேல் வரும் ஈரக்காற்று குளிர்ந்து, மூடுபனியாகவும் தாழ்ந்த மேகமாகவும் திரளும். மேகம் விளக்கைச் சூழ்ந்துகொள்ள, கீழே கப்பலில் இருப்போருக்கு ஒளி தெரியாது. வழிதேடும் மாலுமிக்கு அது உயிர்ப்பிரச்சினை அல்லவா? பனி மூடிய வேளைகளில் காவலர் துப்பாக்கி வெடித்துக் கப்பல்களை எச்சரித்ததும் உண்டாம்.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இவ்வாறு கழிந்தன. 1891 மார்ச் 23 ஆம் நாள் மேல்விளக்கை அணைத்து, முனையின் அடியில், கடலை ஒட்டிக் கட்டிய புதிய விளக்கை ஏற்றினர். பழைய கட்டடம் இடிக்கப்படவில்லை. 1913 இல் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பெற்ற அம்மேட்டில் அது இன்றும் நிற்கிறது.

அங்குச் செல்வோர் மேற்குப் பாறைகளுக்கும் இறங்கிப் பார்த்தல் வேண்டும். கடல் வற்றும்போது பாறைக் குழிகளில் நீர் தங்கும். நண்டும், நத்தையும், இதழ் விரித்த பூப்போன்ற கடற்சாமந்தியும் அவற்றில் வாழும். குளிர்காலத்தில் நீர் மிகத் தாழும் நேரம் பகலில் வாய்ப்பதால் காண்பது எளிது. காண வந்தவர்கள் கல்லைப் புரட்டியும், சிப்பியை எடுத்தும், உயிர்களை மிதித்தும் கேடு செய்தனர். ஆகவே அப்பாறைகளில் ஒரு பகுதியில் எவரும் கால் வைக்காதவாறு தடுத்துவிட்டனர்.