தஞ்சை ஜில்லா போர்டு இருப்புப்பாதையும் வட்டாரப் பயணிகள் ரயிலின் சாத்தியப்பாடும் (1894–2023)

ஆய்வுச் சுருக்கம்

ஒரு வட்டாரத்தில் பயணிகள் ரயில் சேவையை விரிவாக்குவது சாத்தியமா என்னும் வினாவுக்குப் பெரும்பாலும் முதலீட்டுக்கான ஈட்டு விகிதத்தைக் கொண்டே விடை கூறப்படுகிறது. தஞ்சை ஜில்லா போர்டு அமைத்த மாயவரம் – அறந்தாங்கிப் பாதையையும் அதனோடு இணைந்த கிளைகளையும் சான்றாகக் கொண்டு, சாத்தியப்பாடு என்பது பாதையின் மாறா இயல்பன்று என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. செலவை ஏற்பவர், வருவாய் பதியப்படும் கணக்கு, அன்றாட இயக்கத்துக்கான ஏற்பாடு ஆகிய மூன்றுமே அதனை முடிவு செய்கின்றன.

திறவுச்சொற்கள்: ஜில்லா போர்டு, இருப்புப்பாதை, கிளைப்பாதை, காவிரிப் படுகை, பயணிகள் ரயில், ஈட்டு விகிதம்.

முன்னுரை

தமிழகத்தின் இருப்புப்பாதை வரலாறு பெரிதும் கம்பெனிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நாகப்பட்டினம் – திருச்சிராப்பள்ளிப் பாதையை 1860களின் தொடக்கத்தில் அமைத்த கம்பெனி, 1874இல் உருவான தென்னிந்திய ரயில்வே, 1951இல் தோன்றிய தெற்கு ரயில்வே என அவ்வரலாறு நீள்கிறது. உள்ளாட்சி அமைப்புகள் தம் பொறுப்பில் அமைத்த பாதைகள் இதில் அடிக்குறிப்பு அளவிலேயே இடம்பெறுகின்றன. மூடப்பட்ட கிளைப்பாதைகளை மீட்பது குறித்தும் புதிய வட்டார வண்டிகளை இயக்குவது குறித்தும் விவாதம் நிகழும் இன்றைய சூழலில், அப்பாதைகளின் பட்டறிவு மறு ஆய்வுக்குரியது.

மேல்வரியால் எழுந்த பாதை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காவிரிப் படுகையின் வடபகுதியையும் நடுப்பகுதியையும் கம்பெனிப் பாதைகள் இணைத்துவிட்டன. திருவாரூருக்குத் தெற்கே இருந்த ஊர்களோ மாட்டுவண்டியையே நம்பியிருந்தன. இக்குறையைப் போக்கத் தஞ்சை ஜில்லா போர்டு நிலத்தின் மீது ரூபாய்க்கு 3 தம்பிடி, அதாவது கால் அணா, தனி மேல்வரியாகத் திரட்டியது. அந்நிதியின் துணையால் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 54 மைல் நீளத்துக்கு மீட்டர் கேஜ் பாதை அமைக்கப்பட்டு, 1894இல் திறக்கப்பட்டது. அது 1902இல் பட்டுக்கோட்டையையும் 1903இல் அறந்தாங்கியையும் எட்டியது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்காலுக்கு இப்பாதையிலுள்ள பேரளத்திலிருந்து 1898இல் கிளை பிரிந்தது.

இவ்வேற்பாட்டில் இரு கூறுகள் கருதத்தக்கவை. முதலாவது, பாதையின் உடைமை போர்டினிடமும் வண்டிகளை இயக்கும் பொறுப்பு தென்னிந்திய ரயில்வேயிடமும் இருந்தன. இயக்கச் செலவுக்குரிய பங்கு போக எஞ்சிய வருவாய் போர்டுக்கே சேர்ந்தது. இரண்டாவது, பாதை மாயவரத்திலும் திருவாரூரிலும் கம்பெனிப் பாதைகளைத் தொட்டது. ஆகவே அது தனித்து நின்ற கிளையாகாமல் வலையமைப்பின் உறுப்பாயிற்று. போத்தனூர் – பொள்ளாச்சி (1915), திருநெல்வேலி – திருச்செந்தூர் (1923) ஆகிய பாதைகளும் பின்னர் இவ்வாறே ஜில்லா போர்டுகளின் முயற்சியால் அமைந்தன.

இம்முறையை மிகைப்படப் புகழ்தலும் பொருந்தாது. அக்கால ஜில்லா போர்டின் தலைவர் மாவட்ட ஆட்சியரே. உறுப்பினர்களில் நிலவுடைமையாளரின் செல்வாக்கு மிகுதி. பாதைக்கு வெகு தொலைவிலிருந்த நிலமும் மேல்வரிக்கு உட்பட்டது. உழைப்பாளர்க்கு இம்முடிவுகளில் குரலில்லை. எனினும் செலவும் வருவாயும் ஒரே வட்டாரத்தின் கணக்கில் பதிவானமையால், பாதை பயனுடையதா என்பதை அவ்வட்டாரமே எடைபோட முடிந்தது.

கணக்கு மாறியபோது

1924இல் ரயில்வே நிதி பொது நிதியினின்று பிரிக்கப்பட்டது. ஜில்லா போர்டுகளின் உடைமையும் காலப்போக்கில் முடிவுற்றது. விடுதலைக்குப்பின் நாடு முழுமைக்குமான ஒரே கணக்கில் ஒவ்வொரு கிளையும் தனித்தனியே அளக்கப்பட்டது. நட்டத்தில் இயங்கும் கிளைப்பாதைகளை ஆராய 1969இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. புதிய பாதைகளுக்கு 14 விழுக்காடு ஈட்டு விகிதம் நெடுங்காலம் அளவுகோலாக இருந்தது.

இவ்வளவையின் குறை நீடாமங்கலம் – மன்னார்குடிக் கிளையில் தெளிவாகிறது. 1915இல் திறக்கப்பட்ட இக்குறும்பாதை 1976இல் மூடப்பட்டது. மன்னார்குடியில் ஏறிச் சென்னை செல்லும் ஒருவர் செலுத்தும் கட்டணத்தில் நீடாமங்கலம் வரையிலான சிறு தொலைவுக்குரிய பங்கை மட்டுமே கிளையின் வருவாயாகக் கொண்டால், எந்தக் குறும்பாதையும் நட்டமாகவே தோன்றும். கிளை மூடப்பட்டதும் அப்பயணி பேருந்துக்கு மாற, முதன்மைப் பாதையும் தன் வருவாயை இழக்கிறது. அவ்விழப்பு எக்கணக்கிலும் பதிவாவதில்லை. 2011இல் அகலப்பாதையாக மீட்கப்பட்ட அதே கிளையிலிருந்து இன்று சென்னைக்கு மன்னை விரைவு வண்டியும் கோவைக்குச் செம்மொழி விரைவு வண்டியும் புறப்படுகின்றன. கிளையை முடிவாகக் கொள்ளாமல் பயணத்தின் தொடக்கமாகக் கொண்டதே இம்மாற்றத்தின் அடிப்படை.

எல்லாக் கிளைகளுக்கும் இது பொருந்துமா? 1926இல் திறக்கப்பட்டு 1980களின் பிற்பகுதியில் மூடப்பட்ட மாயவரம் – தரங்கம்பாடிப் பாதை சுமார் 30 கி.மீ. நீளமுடையது. இத்தகைய தொலைவில், ஊரின் நடுவே நின்று செல்லும் பேருந்துடன் நாளைக்கு ஓரிரு வண்டிகள் போட்டியிட இயலாது. மீட்க விரும்புவோர் தண்டவாளத்தோடு நில்லாமல் வண்டிகளின் எண்ணிக்கையையும் இணைப்பு நேரத்தையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

பாதை உண்டு, வண்டி இல்லை

1992இல் தொடங்கிய ஒரே அகலப்பாதைத் திட்டத்தின் தொடர்ச்சியாகத் திருவாரூர் – காரைக்குடிப் பாதையும் மாற்றத்துக்காக மூடப்பட்டது. பழைய ஜில்லா போர்டு பாதையின் தென்பகுதி இதில் அடங்கும். பல்லாண்டு இடைவெளிக்குப்பின் 2019இல் பாதை முழுமைக்கும் டெமு வண்டி இயங்கத் தொடங்கியது. ஆயின் வழியிலிருந்த ரயில்வே கேட்டுகளுக்குப் போதிய கேட் கீப்பர்கள் இல்லை. வண்டியிலேயே பயணித்த ஊழியர்கள் ஒவ்வொரு கேட்டிலும் இறங்கி, அதனை மூடி, வண்டி கடந்ததும் திறந்துவிட்டு மீண்டும் ஏறினர். ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவைக் கடக்க ஆறு மணி நேரத்துக்கும் மேலானது. இத்தகைய வண்டியில் கூட்டமில்லை என்று கூறி அவ்வட்டாரத்தில் தேவையில்லை என முடிவு செய்வது ஆய்வு நெறியாகாது. பின்னர்க் கேட் கீப்பர்கள் பணியமர்த்தப்பட்டதும் பயண நேரம் குறைந்தது. 2023 ஏப்ரலில் இப்பாதை வழியே தாம்பரம் – செங்கோட்டை விரைவு வண்டி தொடங்கப்பட்டது. அதே நாளில் 37 கி.மீ. நீளமுள்ள திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளிக் கிளையும் அகலப்பாதையாகத் திறக்கப்பட்டது.

கோடிக்கணக்கில் செலவிட்டு அமைத்த பாதையைப் பயனற்றதாக்கியது ஆள்பற்றாக்குறையே. கட்டுமானத்துக்கான நிதியும் இயக்கத்துக்கான பணியிடங்களும் வெவ்வேறு முடிவுகளாக இருப்பதே இதன் காரணம் எனலாம்.

முடிவுரை

வட்டார ரயிலின் சாத்தியப்பாட்டை அளக்க மூன்று திருத்தங்கள் தேவையென இவ்வரலாறு உணர்த்துகிறது. கிளையின் வருவாயோடு அது முதன்மைப் பாதைக்கு ஊட்டும் வருவாயையும் கணக்கிட வேண்டும். பாதைக்கு ஒப்புதல் அளிக்கும்போதே இயக்கப் பணியிடங்களுக்கும் ஒப்புதல் அளிக்கப்பட வேண்டும். கர்நாடகம் போன்ற மாநிலங்கள் புதிய பாதைகளின் கட்டுமானச் செலவில் பாதியை ஏற்கின்றன. அப்பங்களிப்பு இயக்கத்திலும் வருவாயிலும் தொடர்வதற்கான வழியை ஆராய வேண்டும். கால் அணா மேல்வரி மீண்டும் வர வேண்டும் என்பது இதன் பொருளன்று. செலவை ஏற்கும் வட்டாரத்துக்கு வண்டி நேரத்தைக் குறித்துக் கேட்கும் உரிமையும் இருந்தாலன்றி, புதிதாகப் போடப்படும் தண்டவாளமும் வண்டியின்றிக் கிடக்க நேரும்.